கோலப்பன் திறந்த கண்

இதை எனக்கு முதலில் சொன்னது சங்கரவடிவுதான். போன கார்த்திகையில், கடைசிச் சோமவாரத்தன்று, கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் சன்னதியில் நடை திறக்கட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம். வாசலில் விட்ட செருப்பைப் பற்றிச் சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது என் கையைப் பிடித்திருந்தாள்.

மதுரையில் ஒரு பழைய மாடி வீட்டை, பழைய போட்டோக்களையும் கடிதங்களையும் சேர்த்து வைக்கிற இடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ரஹ்மத் என்கிற பெண், கையுறை போட்ட கையால் ஒரு கண்ணாடி நெகட்டிவை எடுத்து, ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கவைத்து மூடியை இறக்கினாள். குளிப்பாட்டின பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவம் அந்தக் கைக்கு இருந்தது. "பெரிய பிளேட்டும்மா, மெதுவாத்தான் போகும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்றாள். மூடியின் இடுக்கில் வெள்ளை வெளிச்சம் ஒரு கோடாகக் கிளம்பி, நகர்வது தெரியாமல் நகர்ந்தது. சங்கரவடிவு அவளைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். உடனே அந்தப் பெண் தனக்குப் பின்னால் இருந்த சன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, மறுபடி இவளைப் பார்த்தாள். எல்லாரும் செய்வதுதான். சங்கரவடிவு ஆளைப் பார்த்துப் பேசினால் அந்த ஆள் பின்னால் திரும்பிப் பார்ப்பார். இடது கண் ஒழுங்காக நிற்கும், வலது கண் காதுப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். காலையில் பஸ்ஸில் கண்டக்டர்கூட இவளுக்குத் தரவேண்டிய மீதியைப் பக்கத்து சீட்டுக்காரரிடம்தான் நீட்டினான். பழகிப்போயிற்று. பழகிப்போயிற்று என்று சொல்லிக்கொள்வதும் பழகிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "நீ கரும்பலகையப் பாக்கியா, காக்காயப் பாக்கியா?" என்று கேட்டபோது சிரித்த பிள்ளைகளோடு சேர்ந்து தானும் சிரித்தாளே, அன்றைக்கே பழகியிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் பிச்சம்மாள் அத்தை, அப்பாவின் தங்கச்சி, எண்பது தாண்டினவள், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மீனாட்சியைக் காட்ட வேண்டும், ஜிகர்தண்டா வாங்கித் தர வேண்டும், இரண்டுக்கும் சம்மதம் என்றால் வருகிறேன் என்று பேரம் பேசி வந்தவள். கோவில்பட்டி பஜாரில் இருந்த பழைய ஸ்டுடியோவின் படங்கள் எல்லாம் மதுரைக்குப் போயிருக்கின்றன, ஊர்க்காரர்கள் வந்து ஆளை அடையாளம் சொன்னால் நல்லது என்று பேப்பரில் போட்டிருந்ததைப் படித்த நாளிலிருந்து சங்கரவடிவுக்கு உறக்கம் இல்லை. ஆனால் அடையாளம் சொல்ல அவளால் ஆகாது. அம்மா உலகம்மாள் போனபோது அவள் தவழ்கிற பிள்ளை. உலகம்மாளை உயிரோடு பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பது இந்த அத்தை ஒருத்திதான். வேறு யாராவது இருந்திருக்கக் கூடாதா தாயே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்தாள். வேறு யாராவது என்றால், இவளைத் தவிர யாராவது. ஏனென்றால் அந்தப் பேச்சு அத்தையின் வாயில் பிறந்த பேச்சு.

வெளிச்சக் கோடு இன்னும் ஓரத்திலேயே நின்றது. நகர்கிறதா, நின்றுவிட்டதா? அந்தப் பேச்சு எந்தக் கல்யாண வீட்டில் ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால் வரவில்லை, எல்லாக் கல்யாண வீடும் ஒன்றாகிவிட்டது. வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நடுவில் அத்தை இவள் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிக் காட்டி, "எங்க வம்சத்துல ஒருத்தருக்குக் கண்ணு கோணல் உண்டா? உலகம்மா மயினி படத்தப் போய்ப் பாருங்க, ரெண்டும் வரைஞ்சு வச்சாப்ல நேரா நிக்கும். இவ யாரு கண்ணத் தூக்கிட்டு வந்தாளோ!" என்பாள், எல்லாரும் சிரிப்பார்கள், அத்தையும் சிரிப்பாள், மனசில் ஒன்றும் இல்லாத சிரிப்புத்தான். சின்ன வயதில் அது விளையாட்டாக இருந்தது. பெரிய மனுஷி ஆன வருஷம், கிணற்றடியில் இரண்டு பெண்கள் அதே பேச்சைச் சிரிக்காமல் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். யாரு கண்ணோ. யாருடையதோ. அன்றைக்குத்தான் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு முனை உண்டு என்று தெரிந்தது. அது தன்னைக் குத்துகிற முனை இல்லை. செத்துப்போய் வாய் திறக்க முடியாத ஒருத்தியைக் குத்துகிற முனை. அம்மா இல்லாத வீட்டில் அம்மாவுக்காக யார் பேசுவார்கள்? அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார், நல்லவர்தான், ஆனால் பழையதைப் பேசினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறவர். சங்கரவடிவு யாரிடமும் கேட்கவில்லை. படத்திடம் கேட்டாள். அம்மாவுக்கு இருந்தது ஒரே படம். உயிரோடு இருக்கும்போது எடுத்ததில்லை, அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள். இறந்த அன்று, நீர்மாலைக்கு, குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, போனவர்கள் திரும்புவதற்குள் ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்து, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படம். கண் மூடியிருந்தால் சுவரில் மாட்டிக் கும்பிட முடியுமா? அதற்கென்று ஸ்டுடியோவில் டச்சப் கோலப்பன் என்று ஒருவர் இருந்தார். மெல்லிய பிரஷ் வைத்துப் படத்தில் கண் திறந்து தருவார். இதெல்லாம் சங்கரவடிவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அம்மாவைப் பார்த்திருப்பார், ஒரே ஊர்க்காரர்தானே, பார்த்த ஞாபகத்தில்தான் வரைந்திருப்பார் என்று நம்பினாள். நம்பினதால் அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றுதான் எல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்காகத் தன்னை எடுத்த படத்தில் "அந்தப் பக்கம் திரும்பும்மா, சைடு போஸ்" என்று ஸ்டுடியோக்காரன் நாலு தடவை திருப்பிவிட்டதைச் சொன்னாள். முதல் ராத்திரி வீட்டுக்காரர், "நீ என்னப் பாக்கியா, விளக்கப் பாக்கியா?" என்று கேட்டுவிட்டு, இவள் முகம் போன போக்கைப் பார்த்து எழுந்து இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை இடது பக்கம்தான் உட்காருகிறார். அதையும் சொன்னாள், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். மகன் பிறந்ததை, மகள் பிறந்ததை, இரண்டுக்கும் கண் நேராக இருந்ததை, அதில் பட்ட சந்தோஷத்தை, அந்தச் சந்தோஷத்துக்குப் பட்ட வெட்கத்தை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் எப்போதும் ஒன்றைக் கேட்பாள், நான் உன் பிள்ளைதானே அம்மா. படத்தில் இரண்டு கண்ணும் வரைந்து வைத்தாப்போல நேராகப் பார்க்கும். நேராகப் பார்ப்பதே பதில் மாதிரி இருக்கும், ஒரு நாள் ஆமாம் என்று, ஒரு நாள் இல்லை என்று.

"டீ சொல்லட்டுமாம்மா?" என்று ரஹ்மத் கேட்டாள். வேண்டாம் என்றாள். காலையில் அந்தப் பெண் நல்ல மனதோடு, "இதையெல்லாம் முதல்ல பாருங்க, உங்க ஊர்தான்," என்று ஒரு பெட்டியைத் திறந்து வைத்தாள். கோலப்பன் கண் திறந்த படங்கள் மொத்தமும் அதில் இருந்தன, கூடவே ஸ்டுடியோவுக்கு ஊர்க்காரர்கள் எழுதின கடிதங்களும். முதலில் கடிதங்களைப் படித்து அத்தையும் இவளும் சிரித்தார்கள். ஒருவர், 'தகப்பனார் படத்தில் துண்டை எடுத்துவிட்டுக் கோட்டுப் போட்டுத் தரவும், மீசை கருப்பாக இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'குடும்பப் படத்தில் வலது ஓரம் நிற்கும் என் மச்சானை எடுத்துவிடவும், அந்த இடத்தில் பூந்தொட்டி வைக்கவும்.' அத்தைக்கு அதைக் கேட்டு இருமலே வந்துவிட்டது. "நல்ல ரோசக்காரன்ட்டி. எந்தத் தெருன்னு போட்டிருக்கா பாரு." அதற்கடுத்து ஒரு தபால் கார்டு, கோணல் எழுத்தில், 'பிள்ளை தூங்குவதுபோலவே இருக்கட்டும். கண் திறக்க வேண்டாம். பெற்றவள்.' சங்கரவடிவு அந்தக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள், கையுறைக்காரப் பெண் பதறவும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் படங்கள். முதல் படத்தில் ஒரு பெண், மூக்குத்தி, சாய்ந்த தலை, அம்மாவின் கண். சங்கரவடிவுக்கு உடம்பு சிலிர்த்தது, அம்மாவின் சொந்தக்காரியாக இருக்குமோ? இரண்டாவது படத்திலும் அம்மாவின் கண். மூன்றாவதில் ஒரு கிழவிக்கு அம்மாவின் கண். புரட்டப் புரட்ட, பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், முறுக்கின மீசை, தடித்த கழுத்து, அவர் முகத்திலும் அம்மாவின் கண், அதே கருமணி, அதே இமை, அதே நேர்ப்பார்வை. "இவருக்கு என்ன மையா போட்டிருக்கு?" என்று அத்தை கேட்டாள். சங்கரவடிவு பெட்டியை மூடிவிட்டாள். கோலப்பனுக்கு ஒரு கண்தான் வரையத் தெரியும். ஊரில் செத்த அத்தனை பேருக்கும் அந்த ஒரே கண்ணைத்தான் திறந்துவிட்டிருக்கிறார். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தான் யாரிடம் பேசினோம்? தன் முதல் ராத்திரியைப் பலசரக்குக் கடை முதலாளியிடமா சொன்னோம்? சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு எதுவாகவோ மாறிற்று. பிறகு மெல்ல, கோவில் பிரகாரத்தைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றி, மனசு ஓரிடத்தில் வந்து நின்றது. அம்மன் சிலைக்கும் கண் சிற்பி திறந்ததுதானே. அவன் எத்தனை சிலைக்கு ஒரே மாதிரித் திறந்திருப்பான். அதற்காக அவள் கேட்காமல் இருக்கிறாளா? கேட்டிருப்பாள். என் அம்மா கேட்டிருப்பாள். கேட்டது அந்தக் கண் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தவள். ஆனால், ஆனால் அந்தப் பின்னால் இருந்தவளுக்கு என்ன கண்?

கோடு பாதி தாண்டியிருந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. அந்த நெகட்டிவ் உறையின்மேல், மங்கின ஊதா மையில், 'ஆயுத பூஜை, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. "உங்கம்மாவும் கல்யாணமான புதுசுல கொஞ்ச நாளு அந்த ஆபீசுக்குப் போனாளேட்டி," என்று அத்தை கொட்டாவிக்கு நடுவே சொன்னாள், சொன்ன சூட்டோடு தூங்கியும்விட்டாள். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை, முகமெல்லாம் கறுப்பு, தலைமுடியெல்லாம் வெள்ளை, பேய்கள் பூஜைக்கு வந்த மாதிரி. இதில் அம்மா இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் பழையபடி இருந்துவிடலாம், தீப்பெட்டி ஒட்டுகிற நாற்பது பெண்களைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று இருக்கலாம். இருந்துவிட்டால்? இருந்து, நேரான கண்ணோடு இருந்துவிட்டால்? கோலப்பன் குருட்டாம்போக்கில் வரைந்தது சரியாகப் போய்விட்டால்? அப்புறம் அத்தையின் பேச்சுக்கு மதுரையிலிருந்து முத்திரை குத்தி வாங்கின மாதிரி ஆகிவிடும். நிறுத்தும்மா, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எழுந்து மீனாட்சியைப் பார்க்கப் போய்விடலாம். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு எப்படியோ வாழ்ந்தாயிற்று, தெரிந்ததை வைத்துக்கொண்டு வாழ முடியாதா என்று ஒரு குரல் கேட்டது. முடியாது என்று இன்னொரு குரல் சொன்னது. செண்பகவல்லித் தாயே, நான் பிறந்ததிலிருந்து உன்னிடம் எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை, பிள்ளைகளுக்குக் கேட்டேன், அவருக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கேட்டேன், இன்றைக்கு எனக்குக் கேட்கிறேன். நல்லதாகத் தா என்று கேட்கவில்லை. உள்ளதைத் தா. கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதே அதிகப்பிரசங்கித்தனமோ என்று நினைத்து, இருந்தாலும் நல்லதாகவே தா என்று சேர்த்துக்கொண்டாள். மிஷின் உறுமி நின்றது.

"வந்திருச்சும்மா," என்று ரஹ்மத் திரையைத் திருப்பிவைத்தாள். அதே பேய்கள். ஏதோ ஒன்றை அழுத்தினாள். ஒரு மூச்சில் எல்லாம் புரண்டது, கறுத்தது வெளுத்து, வெளுத்தது கறுத்து, தலைமுடி தலைமுடியாகி, பெண்கள் பெண்களாகி, வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். சந்தனம் பூசின சுவர், மாவிலை, வாழைக்கன்று, முன்னால் பொரிகடலைத் தட்டு. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து விறைப்பாக நின்றார்கள். சங்கரவடிவு முதல் வரிசையில் இடமிருந்து வலமாகப் போனாள், யாரும் அம்மா இல்லை, அல்லது எல்லாரும் அம்மா. இரண்டாவது வரிசை. எப்படித் தெரியும் எனக்கு? எதைக் கொண்டு தெரிந்துகொள்வேன்? அத்தையை எழுப்பவேண்டும், எழுப்பக் கை வரவில்லை. ரஹ்மத்தே தொட்டு எழுப்பினாள். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் விழித்து, திரையில் மூக்கு முட்டும்படி குனிந்தாள்.

"ஏட்டி!" என்றாள். அந்த அறை அதிர்ந்தது. "ஏட்டி வடிவு, இது எஞ்சேலைல்லா!"

"எது அத்த?"

"இந்தா, பின்னால நிக்காளே சிறுக்கி! அன்னக்கரை போட்ட சேல, என் கல்யாணத்துக்கு எங்கய்யா காரைக்குடியில எடுத்துக் குடுத்தது. முந்தியில அன்னம் அன்னமா ஓடுது பாரு. நான் தீவாளிக்குத் தாய்வீட்டுக்கு வந்தப்ப, நான் விட்டுட்டுப் போன பெட்டியத் தொறந்தா சேல கசங்கிக் கெடந்துச்சு. யாருட்டி உடுத்துனதுன்னு கேட்டா, எலி உடுத்திருக்கும்னு சொன்னா உங்கம்மா! எலியாம்! இந்தா நிக்குதே எலி, கடைசி வரிசையில, ஆயுத பூசைக்கு மினுக்கிக்கிட்டு!"

"எங்கம்மாவா?"

"பெறகு எங்கம்மாவா? உலகம்மா மயினிட்டி!"

ரஹ்மத் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். அன்னங்கள் பெரிதாயின, தோள் பெரிதாயிற்று, கழுத்து, ஒற்றைக் கல் மூக்குத்தி, சிரிப்பை அடக்க முடியாமல் உப்பின கன்னம். சின்னப் பெண். தன் மகளைவிடச் சின்னப் பெண். திருட்டுச் சேலை கட்டிக்கொண்ட சந்தோஷம் முகம் முழுக்க. முகம் இன்னும் பெரிதாயிற்று. இடது கண் கேமராவை நேராகப் பார்த்தது, திரையை விட்டு வெளியே வந்து சங்கரவடிவை நேராகப் பார்த்தது. வலது கண் காதுப் பக்கம் ஒதுங்கி, பக்கத்தில் நின்ற பெண்ணின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கரவடிவு திரையை நெருங்கி வந்தாள். முதலில் கேட்டது இதுதான். "கண்ணாடி பிளேட்டுல இடம் வலம் மாறி விழும்லாம்மா? இது மாறலையே?" ரஹ்மத் படத்தைக் காட்டி, "மாறலம்மா. எல்லாருக்கும் முந்தானை இடது தோள்லதான இருக்கு," என்றாள். ஆமாம். அத்தனை பெண்களும் வரிசையாகச் சாட்சி சொல்கிற மாதிரி இடது தோளில் முந்தானை போட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தை திரையையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படிப் பார்க்கிறபோதே அவள் முகத்தில் ஏதோ ஒன்று, அடியில் கிடந்தது, மெல்ல மேலே ஏறி வந்தது. "ஆமாட்டி," என்றாள். "ஆமா. மயினிக்கு ஒன்றரைக் கண்ணுல்லா. நாங்க கேலி பண்ணுவோமே. அண்ணன் சாப்பிட உக்காந்தா மயினி எந்த எலையப் பாத்துச் சோறு போடுதுன்னு... ஐயோ, எப்படிட்டி மறந்தேன்? ஒரு வருசந்தான் கூட இருந்தேன், அதுக்கப்புறம் அந்தப் படத்தப் பாத்து, படத்தப் பாத்து, அசலையே மறந்துபோனேனே. அந்தக் கோலப்பன் கையில கொள்ளிய வைக்க." அவள் கை நீண்டு, பழைய பழக்கத்தில், சங்கரவடிவின் நாடியைப் பிடித்துத் தூக்கிற்று. கல்யாண வீடுகளில் பிடித்த அதே பிடி. ரஹ்மத்திடம் காட்டினாள். "பாத்தியாம்மா? அச்சு. அச்சு அசல். தாயும் பிள்ளையும் ஒரே கண்ணு. ஊருக்கே சொல்லுவேன். எந்த வாயால சொன்னேனோ அந்த வாயாலயே சொல்லுவேன்."

சங்கரவடிவு அழவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்து முந்தானையைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தாள், வந்தது சிரிப்பு. எலி உடுத்திருக்கும் என்று சொன்னாளாம். என் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் இவ்வளவு அழகான பொய். சுவரில் இருந்தவள் ஒரு நாளும் பொய் சொல்லமாட்டாள், சிரிக்கமாட்டாள், சேலை திருடமாட்டாள். இவள் செய்வாள். ஓடின கண்ணோடு இவ்வளவு தைரியமாகக் கேமராவைப் பார்த்து நின்றிருக்கிறாள், யாரும் அவளைச் சைடு போஸ் கொடு என்று திருப்பிவிடவில்லை, திருப்பிவிட்டாலும் திரும்பியிருக்கமாட்டாள். கிணற்றடிப் பெண்களே, வாழைக்காய் நறுக்கினவர்களே, வாருங்கள், வந்து பாருங்கள். யாருடைய கண்ணோ என்றீர்களே, உலகம்மாளின் கண். கைமாறி வந்த கண் இல்லை, தாய் கையிலிருந்து நேராக வந்த கண். "இன்னொரு படம் எடுப்பியாம்மா?" என்று ரஹ்மத்திடம் கேட்டாள். "இந்தத் திரைக்குப் பக்கத்துல நான் நிக்கேன். செல்போன்ல எடுத்தாப் போதும்." அந்தப் பெண் எடுக்கும்போது பழக்கத்தில் முகம் தானாகப் பக்கவாட்டில் திரும்பிற்று. திருப்பி நேராக வைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் நேராக நின்று எடுத்த முதல் படம் அது. பிரிண்ட் போடக் கொடுக்கும்போது, "ஒண்ணும் டச்சப் பண்ணக் கூடாது, கண்ண நேராக்கிறக் கூடாது," என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

மீனாட்சியைப் பார்த்தார்கள். ஜிகர்தண்டாக் கடையில் கூட்டம். "ரெண்டு," என்று அவள் கேட்டதும் கடைக்காரன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "அங்க ஒருத்தரும் இல்லப்பா," என்றாள் சங்கரவடிவு, கடை முழுக்கக் கேட்கும்படி. "ஒன்னத்தான் பாக்குதேன். எங்கம்மா பார்வை அப்படித்தான்." அத்தை குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறிச் சிரித்தாள்.

இப்போது வீட்டில் அந்தப் புதுப் படமும் பழைய படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. கோலப்பன் திறந்ததை அவள் கழற்றவில்லை. இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்ததுதானே, இருக்கட்டும் என்கிறாள். இரண்டுக்கும் ஒரே விளக்குத்தான். இதைச் சொல்லி முடிக்கவும் நடை திறந்து மணி அடித்தது, அவள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வந்து அவளை நீங்கள் பார்க்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். பேசும்போது பின்னால் திரும்ப வேண்டாம். இடது கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.